ஐந்து பாயிண்ட்

வீட்டை நவீனமாக்கியே தீருவது என்று ஈஸ்வரபாண்டி தீர்மானித்தார். 2008-ல் அப்படித் தீர்மானிக்காத ஆண்பிள்ளை கம்பம் ஊரில் இல்லை. லோயர் கேம்ப்பில் தண்ணீர் விழுந்து கரண்ட் பிறக்கிறது. பிறந்த கையோடு எங்கேயோ வாக்கப்பட்டுப் போய்விடுகிறது. பக்கத்திலிருக்கும் கம்பத்துக்கு விருந்தாளி மாதிரிதான் வந்து தலைகாட்டும்.

ஈஸ்வரபாண்டி மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆய்வக உதவியாளர். மின்தடைக்கு இரண்டு பொருள் உண்டென்று அனுபவத்தில் கண்டவர். பள்ளிக்கூடத்து மின்தடையை மீட்டர் வைத்து அளந்துவிடலாம். வீட்டு மின்தடை சாயங்காலம் ஆறு மணி முதல் எட்டு மணி வரை. மின்சாரத்தோடு சம்பந்தமில்லாத இன்னொரு தடையும் வீட்டில் உண்டு. அதன் பெயர் பாண்டீஸ்வரி. அவர் பெயரைத் திருப்பிப் போட்டால் அவள் பெயர் வரும். அவர் பேச்சைத் திருப்பிப் போடுவது அவள் வேலை.

அவருடைய அப்பா கட்டிய வீடு. தேக்குச் சட்டத்தின் மேல் ஓடும் பழைய வயர். அழுத்தினால் தெருவுக்கே கேட்கும் கறுப்புச் சுவிட்சு. அத்தனையையும் மாற்றி, குண்டு பல்புக்குப் பதில் சிஎஃப்எல், மொட்டைமாடியில் சோலார், வீட்டுக்குள் இன்வெர்ட்டர் என்று கிராஃப் தாளில் படம் போட்டார். படத்தில் வராத உண்மைக் காரணம் ஒன்றுதான்: வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கிரிக்கெட் ஃபைனல். போன ஃபைனலில் கடைசி ஓவரில் கரண்ட் போனது. முடிவை மறுநாள் காலை பால்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டார்.

"மாடியில சோலார் வச்சா வடகம் எங்கன காயப்போடுறது?" என்றாள் பாண்டீஸ்வரி.

சோலார் வடகத்திடம் தோற்றது.

"இன்வெர்ட்டர்னா என்னங்க?"

"பேட்டரி கரண்டத் திருப்பிப் போட்டு வீட்டுக் கரண்டா மாத்துறது."

"திருப்பிப் போடுறதுக்கு மெஷின் வேறயா? அதுக்குத்தான் நான் இருக்கேன்ல."

ஆனாலும் இன்வெர்ட்டர் வந்தது. மாட்ட வந்தவன் சுருளிப்பட்டி மாரிசெல்வம், பாண்டீஸ்வரியின் சித்தப்பா மகன்.

"மச்சான், இந்தப் பெட்டி அஞ்சு பாயிண்ட்தான் தாங்கும். எது எதுன்னு அக்காகிட்டப் பேசிச் சொல்லுங்க."

"ஒங்க அக்காகிட்டப் பேசி இருபது வருசத்துல நான் ஒரு பாயிண்ட்கூட எடுத்ததில்ல மாப்ள."

பாண்டீஸ்வரி முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்தாள்.

"அடுப்படிக்கு ஒரு லைட்டு. இருட்டுல உப்புக்குப் பதிலா சோடா உப்பு விழுந்தா திங்கப்போறது நீங்கதான்."

ஒன்று போனது.

"அடுப்படிக்கு ஒரு ஃபேன்."

"அடுப்பு அணைஞ்சிராதா?"

"அடுப்பு அணைஞ்சா பத்த வச்சுக்கிறலாம். நான் கொதிச்சா நீங்க அணைப்பீகளா?"

மாரிசெல்வம் சுவரைப் பார்த்து இருமினான். இரண்டு போனது.

"சாமி ரூமுக்கு ஒண்ணு. சாமிய இருட்டுல ஒக்கார வச்சுட்டு ஒங்களுக்கு எப்படிப் பிரமோசன் வரும்? அப்பறம், பின்வாசலுக்கு ஒண்ணு. தேளு வரும்."

"இருபது வருசத்துல தேளு என்னைக்கு வந்துச்சு?"

"வந்து கொட்டுன பெறகு லைட்டு போட்டு என்னத்துக்கு?"

மிச்சம் ஒன்றே ஒன்று. ஈஸ்வரபாண்டி டிவியை மறைத்துக்கொண்டு நின்றார். "இத மட்டும் கேட்டுறாத. என்ன சொன்னாலும் தர மாட்டேன்."

"சரிங்க. டிவி ஒங்களுக்கே இருக்கட்டும்."

அவருக்குத் தலை சுற்றியது. இருபது வருடத்தில் முதல் பாயிண்ட். மறுநாள் பள்ளிக்கூடத்தில் நான்கு பேரிடம் சொன்னார். பொம்பளைகளிடம் உறுதியாக நிற்கவேண்டும் என்று ஐந்தாவது ஆளுக்கு அறிவுரையும் வழங்கினார். சாயங்காலம் அவர் திரும்பியபோது பாண்டீஸ்வரியும், கேபிள் டிவி நடத்தும் சண்முகராஜின் மனைவி கிருபாவதியும் சுவரோரம் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். சீரியல் கதையாக இருக்கும் என்று நினைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி. தெருவே இருண்டது. அவர் வீட்டில் மட்டும் வெளிச்சம். நாற்காலியை இழுத்துப் போட்டு, காலை நீட்டி, டிவியைப் போட்டார்.

திரை முழுக்க வெள்ளைப் புள்ளிகள். எண்ண முடியாத அளவுக்குப் பாயிண்டுகள்.

"பாண்டீஸ்வரி, டிவிக்கு என்னாச்சு?"

"டிவிக்கு ஒண்ணும் இல்லங்க. கேபிள்கார அண்ணன் வீட்டுலயும் கரண்ட் போயிருச்சுல்ல. அவுக மெஷினு ஓடுனாத்தான நமக்குப் படம் வரும். கிருபாவதி அன்னைக்கே சொன்னா."

"தெரிஞ்சும் ஏன் என்கிட்டச் சொல்லல?"

"கரண்ட் பாடத்துலயே இருக்கிறவுக நீங்க. ஒங்களுக்கா தெரியாது?"

சொல்லிக்கொண்டே டிவியின் பிளக்கைப் பிடுங்கினாள். அந்த இடத்தில் மிக்சியைச் செருகினாள். ஒரு படி சின்ன வெங்காயத்தை அவர் மடியில் கொண்டுவந்து வைத்தாள்.

"சும்மாதான ஒக்காந்திருக்கீக, உரிங்க. அடுப்படி லைட்டு இங்கன வரைக்கும் அடிக்குது, இனிமே இருட்டா இருக்குன்னு சொல்ல முடியாதுல்ல."

மறுநாள் காலை பால்காரர் வாசலிலேயே சிரித்தார். "சார், நேத்து நாம ஜெயிச்சுட்டோம்."

ஈஸ்வரபாண்டி வெங்காய வாடை அடிக்கும் கையால் செம்பை நீட்டினார்.

"எங்க வீட்டுல அவுகதாம்பா ஜெயிச்சாக."