வராதவர்கள் பட்டியல்

"பன்னிரண்டு பேர்ல பதினோரு பேர் திரும்பப் போயிட்டாங்களா?" பேராசிரியர் மேசையைத் தட்டினார். "வழிபாட்டு மண்டபத்துக்குப் போறதை ஜனங்க ஏன் விட்டாங்கன்னு ஆராயச் சொன்னா, நீ ஆள் பிடிச்சு அனுப்பிக்கிட்டிருக்க!"

ஆய்வாளர் ஒரு பாவமும் அறியாதவர். மண்டபக் காவலாளி கொடுத்த பட்டியலோடு வீடு வீடாகப் போய், "ஏன் போறதில்லை?" என்று கேட்டார், அவ்வளவுதான். "நான் வரலைன்னு விசாரிச்ச முதல் ஆள் நீங்கதான்" என்று கண்கலங்கியவர்கள், மறுவாரமே மண்டபத்தில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். பேச்சுக் கொடுத்ததுதான் தப்பு என்று அடுத்த வீடுகளில் வாயே திறக்காமல் படிவத்தை நீட்டினார். "இவ்வளவு பொறுமையா யாரு கேக்கறா!" என்று அவர்கள் இன்னும் சீக்கிரம் போனார்கள்.

மிச்சம் ஒரே ஒரு தையல்காரர். ஓய்வுபெற்றவர், தனிக்கட்டை. அவர் படிவமும் தேறாவிட்டால் ஆய்வுக்கு மூடுவிழா, ஆய்வாளருக்கு வேலை காலி.

தையல்காரரோ லேசில் பிடிகொடுக்கிறவராக இல்லை. முதல் வியாழன், மண்டபத்து ஒலிபெருக்கி காதைத் துளைக்கிறது என்றார். அடுத்த வியாழன் எழுதியதை அடித்துவிடச் சொன்னார்.

"அது காரணமில்ல தம்பி. ரெண்டு தடவை குடை காணாமப் போச்சு."

"இதாவது நிச்சயமா, ஐயா?"

"யோசிச்சு அடுத்த வாரம் சொல்றேனே. டீ ஆறுது, குடிங்க."

இப்படியே ஏழு வாரம். அடித்தலும் திருத்தலுமாகப் படிவத்தில் எள் போட இடமில்லை. உண்மையைச் சொன்னால், ஆய்வாளருக்கும் அந்த வியாழக்கிழமைகள் பிடித்திருந்தன. டீ ஆறுகிறது என்று அவருக்குச் சொல்ல வேறு யாரும் கிடையாது.

"நாளைக்குக் கெடு, ஐயா. என் வேலையே போயிடும்."

தையல்காரர் வெகுநேரம் பேனாவை உருட்டினார். "கையெழுத்துப் போட்டுட்டா இனி வரமாட்டீங்கல்ல?"

ஆய்வாளர் ஆறிப்போன டீயைக் குடித்து முடித்தார். "வேலை முடிஞ்சிடுமே, ஐயா."

"சரி. பேச ஆளில்லைன்னு எழுதிக்குங்க." போட்டுக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவர் மண்டபத்துக்கு வருவதில்லை என்று காவலாளியும் கையெழுத்திட வேண்டும். ஆய்வாளர் ஓட்டமும் நடையுமாகப் போய்ப் படிவத்தை நீட்டினார். காவலாளி பெயரைப் பார்த்ததும் நெளிந்தார்.

"தினமும் நான் கதவைத் திறக்கறதுக்கு முன்னாடியே வந்து நிக்கறவரு சார் அவரு! வராதவங்க வீட்டுக்குத்தான் ஆள் வந்து பேசும்னு கேள்விப்பட்டு, தன் பேரையும் சேத்துக்கச் சொல்லி ஒரு வாரமா கெஞ்சினாரு."