ஆறு அடுக்கும் நாற்பத்தைந்து கிலோவும்

புதன்கிழமை, காலை

அன்புள்ள மருமகளுக்கு,

உன் அத்தை எழுதுவது. இங்கே நான் நலம். அங்கே நீங்கள் இருவரும் நலம் என்பதை நேற்று மதியத்திலிருந்து நீ கைபேசியில் அனுப்பிய பதினான்கு செய்திகளிலிருந்து தெரிந்துகொண்டேன். பதினான்கிலும் ஒரே கேள்விதான்: 'வெயிட் எவ்வளவு அத்தை?' முக்கியமான விஷயத்தைத் தொலைபேசியில் பேசுவது எனக்குப் பிடிக்காது. நான் பாதி வாக்கியத்தில் இருக்கும்போதே உன் கணவன் 'சரிம்மா, சரிம்மா' என்று முற்றுப்புள்ளி வைத்துவிடுகிறான். கடிதத்தில் அவனால் அது முடியாது. ஆகவே நிதானமாக உட்கார்ந்து படி. அவனுக்கும் வாசித்துக் காட்டு.

மூன்று மாதத்துக்கு முன்னால் கிளினிக்கில் என் எடை நாற்பத்தைந்து கிலோ இருநூறு கிராம் என்று வந்ததும், என் வளையல் முழங்கை வரை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே அவன் சொன்னது உனக்கு நினைவிருக்கும். "அடுத்த தடவை நாப்பத்தஞ்சுக்குக் கீழ போச்சுன்னா இந்த வீட்டைப் பூட்டிட்டு எங்ககூட வந்துடணும்மா. தனியா இருந்தது போதும்" என்றான். நானும் சரி என்றேன். சொன்னால் சொன்னதுதான், பத்து வருடம் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் நான். உங்கள் வீட்டில் எனக்கு ஒரு குறையும் இருக்காது. ஆனால் என் வீட்டில் கத்தரிக்கோல் வைத்த இடத்தில் இருக்கிறது. இந்த வயதில் அதைவிடப் பெரிய சுகம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. உங்கள் வீட்டில் கத்தரிக்கோல் எங்கே இருக்கிறது என்பது உங்கள் இருவருக்குமே தெரியாது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, கவனித்ததைச் சொல்கிறேன்.

இனி நீ அனுப்பிய யோசனைக்கு வருகிறேன். கோடை முடிந்தும் முடியாமலும், குளிர் தொடங்கியும் தொடங்காமலும் இருக்கிற இந்த நாட்களில் கனமாக ஒன்றைப் போட்டுக்கொண்டு கிளம்பக் கூடாது, மெல்லியதாக அடுக்கடுக்காகப் போட வேண்டும், சூடானால் ஒன்றைக் கழற்ற வேண்டும், குளிர்ந்தால் ஒன்றைப் போட வேண்டும் என்று எழுதியிருந்தாய். நல்ல யோசனை. ஆனால் எது முதலில், எது பிறகு என்று நீ வரிசை கொடுக்கவில்லை. எங்கள் கான்வென்ட் விடுதியில் சலவைக்குப் போகும் ஒவ்வொரு துணியிலும் சிவப்பு நூலால் எண் தைத்திருக்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் திங்கட்கிழமை முழுக்க உட்கார்ந்து, என் உடுப்புகளின் உட்புறத்தில் ஒன்றிலிருந்து ஆறு வரை தைத்தேன். ஒன்று, முழுக்கை பனியன். இரண்டு, ரவிக்கைக்குப் பதிலாகக் கழுத்து மூடிய ஸ்வெட்டர். மூன்று, சேலை. நான்கு, பொத்தான் வைத்த கம்பளிச் சட்டை. ஐந்து, உன் மாமனாரின் பழைய கோட்டு. ஆறு, மழைக்கோட்டு. நீ மெல்லியது என்றுதான் எழுதியிருந்தாய். உன் மாமனாரின் உடுப்பில் மெல்லியது என்று ஒன்று இருந்ததே இல்லை.

நேற்றுக் காலை எட்டரைக்கு எதிர் வீடு தெரியாத அளவுக்குப் பனி. ஆறையும் வரிசைப்படி போட்டுக்கொண்டு, மழைக்குப் போடும் உயரமான காலணியையும் மாட்டிக்கொண்டு பேருந்தில் ஏறினேன். மூன்றாவது நிறுத்தத்தில் பனி விலகியது, ஐந்தாவதில் வெயில் வந்தது, ஜன்னல் எதுவும் திறக்கவில்லை, ஏழாவதில் நான் இட்லிப் பானைக்குள் உட்கார்ந்திருப்பதுபோல் ஆகிவிட்டது. ஆறைக் கழற்றி மடியில் வைத்தேன். போதவில்லை. இரண்டுதான் கழுத்தைப் பிடித்துக்கொண்டு வேக வைக்கிறது, அதைத்தான் கழற்ற வேண்டும், ஆனால் இரண்டைக் கழற்ற வேண்டுமானால் முதலில் மூன்றைக் கழற்ற வேண்டும், மூன்று சேலை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. தையல் நேராக இருக்கிறதா என்று பார்த்தவள் இதைப் பார்க்கவில்லை. சரி, ஐந்தையாவது கழற்றுவோம் என்று கையை இழுத்தேன். பக்கத்தில் இரவு வேலை முடிந்து போகும் காவலாளி ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். என் முழங்கை இடித்து விழித்துக்கொண்டார்.

"என்னம்மா, ஊரைக் காலி பண்ணிட்டுப் போறீங்களா?"

"இல்லை, டாக்டரைப் பார்க்கப் போறேன். இந்தக் கையைக் கொஞ்சம் பிடிங்க."

பிடித்தார். டிரைவர் பிரேக் போட்டார். நான் ஒரு பக்கம் போக, கோட்டு இன்னொரு பக்கம் போக, நான்கும் ஐந்தும் ஒன்றுக்குள் ஒன்றாகச் சேர்ந்து அவர் கையில் வந்துவிட்டது. "இது ஒண்ணா ரெண்டாம்மா?" என்று கேட்டார். இரண்டு என்றேன். "பார்த்தா ஒண்ணு மாதிரிதான் இருக்கு" என்று மடித்து என் மடியில் வைத்துவிட்டு மறுபடி தூங்கிவிட்டார். நல்ல மனிதர்.

இறங்குகிற நிறுத்தத்தில் மழை, மழையோடு காற்று. குடை இல்லை, ஆறு அடுக்கு இருக்கும்போது குடை எதற்கு என்று விட்டுவிட்டு வந்திருந்தேன். கூரையும் இல்லாத அந்த நிறுத்தத்தில் அவசர அவசரமா நாலையும் அஞ்சையும் சேர்த்தே மாட்டினேன். என் கை நாலின் கைக்குள்ளே போச்சு, அஞ்சின் கை காலியா முதுகுல சுருண்டுகிச்சு, அது தெரியாம மேலே ஆறையும் போட்டு ஜிப்பை இழுத்தா, ஜிப்பு கம்பளியைக் கவ்விக்கிட்டு கழுத்துக்கு நாலு விரல் கீழேயே நின்னுடுச்சு. மேலேயும் போகல, கீழேயும் வரல. மன்னிக்கவும், எழுத்து கொச்சையாகப் போகிறது. அந்த நேரத்தில் என் நிலைமையும் அப்படித்தான் இருந்தது.

கிளினிக்கில் நர்ஸ் என்னைச் சுற்றி வந்து பார்த்தாள். "முதுகுல என்ன பாட்டிம்மா, வீக்கமா?" என்றாள். முதலாவது, நான் உனக்குப் பாட்டி இல்லை, இரண்டாவது, அது கோட்டின் கை என்றேன். "சரி, எல்லாத்தையும் கழட்டிட்டு மெஷின்ல ஏறுங்க" என்றாள். ஜிப்பை அவள் இழுத்தாள், நான் இழுத்தேன், காத்திருந்தவர்களில் ஒரு அம்மாள் எழுந்து வந்து சோப்பு தடவச் சொன்னாள். வரிசை கதவு வரை நீண்டுவிட்டது. கடைசியில் நர்ஸ், "விடுங்கம்மா, அப்படியே ஏறுங்க, நான் அப்புறமா கழிச்சுக்கிறேன்" என்றாள். ஏறினேன். நாற்பத்தொன்பது கிலோ நானூறு. அவள் எழுதும்போது மேஜைமேல் போன் அடித்தது. பேசிக்கொண்டே எண்ணை எழுதினாள், கழிக்கவில்லை.

டாக்டர் கணினியிலிருந்து தலையைத் தூக்காமலே, "நாலு கிலோ ஏறியிருக்கீங்க, வெரி குட். என்ன சாப்பிடறீங்க?" என்றார்.

"வழக்கமா சாப்பிடறதுதான்" என்றேன்.

"அதையே கன்டின்யூ பண்ணுங்க" என்றார்.

ரத்த அழுத்தம் பார்க்கச் சட்டைக் கையை மேலே ஏற்றச் சொன்னார். நான்கு கைகள் ஒன்றாக ஏறி முழங்கைக்கு மேல் டயர்போல நின்றுவிட்டன. அழுத்தமானிப் பட்டை அதற்கு மேல் சுற்றவில்லை. "அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்று என்னை அனுப்பிவிட்டார்.

சீட்டை வாங்கிக்கொண்டு கதவு வரை வந்தேன். அங்கே நின்றேன். கேட்காததால் சொல்லாமல் விட்டேன் என்பது பொய்யின் தங்கை என்று எங்கள் தலைமைச் சகோதரி சொல்வார். உடனே திரும்பி உள்ளே போனேன். நர்ஸிடம், "நீ கழிக்க மறந்துவிட்டாய், என்னை மறுபடி நிறுத்துப் பார்" என்றேன். அவள் திகைத்துப்போனாள். இந்த முறை ஜிப்பு தானாகவே திறந்துகொண்டது. அறைக்குள் போய் இரண்டு, நான்கு, ஐந்து, ஆறு, காலணி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மெஷினில் ஏறினேன். நாற்பத்தாறு கிலோ நூறு கிராம். "உங்களை மாதிரி நேர்மையானவங்களை நான் பார்த்ததே இல்லம்மா" என்று சொல்லி அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காத்திருந்தவர்களும் பாராட்டினார்கள்.

ஆகவே உன் கணவனின் நிபந்தனைப்படி நான் ஒரு கிலோவுக்கும் மேலாகத் தேறிவிட்டேன். நான் இந்த வீட்டிலேயே இருக்கிறேன். அடுத்த மூன்று மாதத்துக்கு இந்தப் பேச்சை யாரும் எடுக்க வேண்டாம்.

காலையில் எத்தனை அடுக்கோடு கிளம்பினாலும், மாலையில் அத்தனை அடுக்கோடும் நீங்கள் இருவரும் பத்திரமாக வீடு திரும்ப என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அத்தை

பின்குறிப்பு: இதைத் தனித் தாளில் எழுதுகிறேன். காரணம் கீழே வரும்.

உறையை ஒட்டப் போனேன். கை போகவில்லை. மேலே எழுதியதில் கதவு வரை வந்து நின்றேன் என்பது வரை உண்மை. அதற்குப் பிறகு வருவது பொய். நான் திரும்பிப் போகவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, என் வயதுக்குத் தகாத வேகத்தில் பேருந்து நிறுத்தம் வரை நடந்தேன். அந்த நர்ஸ் கண்ணைத் துடைக்கவில்லை. நான் போனதைக்கூட அவள் பார்க்கவில்லை. நாற்பத்தாறு கிலோ நூறு என்பது நானே போட்ட எண். வெறும் நாற்பத்தாறு என்றால் நீ சந்தேகப்படுவாய் என்று நூறு கிராம் சேர்த்தேன்.

வீட்டுக்கு வந்து, ஜிப்பை வெட்டி, சேலையையும் பனியனையும் தவிர மற்ற எல்லாவற்றையும் காலணியோடு ஒரு பையில் போட்டுக் கீழே காய்கறிக் கடைக்கு எடுத்துப்போனேன். கடைக்காரர் தராசில் வைத்து, "நாலு கிலோ தொள்ளாயிரம். விக்கிறதாம்மா, வெளுக்கப் போடறதாம்மா?" என்று கேட்டார். எனக்குக் கழித்தல் நன்றாக வரும். நாற்பத்து நாலரை. அரைக் கிலோ குறைவு.

அந்த அரைக் கிலோ எங்கே போனது என்பதும் எனக்குத் தெரியும். உன் மாமனார் போன பிறகு ஒருத்திக்காக அடுப்பைப் பற்றவைக்க மனம் வருவதில்லை. நின்றபடியே இரண்டு ரொட்டித் துண்டு, ஒரு டீ. கழுவுவதற்குத் தட்டு இல்லை என்று அதில் ஒரு பெருமை வேறு. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

உன் கணவனுக்குக் கொடுத்த வாக்கு வாக்குதான். இந்தத் தாளை நீ அவனிடம் காட்டினால், நான் வீட்டைப் பூட்டிச் சாவியை உங்கள் கையில் கொடுப்பேன், முகம் சுளிக்க மாட்டேன். காட்டுவதா வேண்டாமா என்பதை நீ முடிவு செய். நீ இந்தக் குடும்பத்துக்கு வந்த பன்னிரண்டு வருடத்தில் உன்னை நான் எதையும் முடிவு செய்ய விட்டதில்லை, ஒரு திரைச்சீலையின் நிறத்தைக்கூட. இதை உன்னிடம் விடுகிறேன்.

எந்த முடிவாக இருந்தாலும் சனிக்கிழமை மதியம் நீ மட்டும் வா. இரண்டு பேருக்குச் சமைத்து வைக்கிறேன். வழியில் எதையும் கொறிக்காமல் பசியோடு வா.