ரியாலைக் காப்பாற்றிய வெளிநடப்பு பாய்

மஸ்கட் ரூவியில் நான் இருந்த பதினோரு வருடத்தில் வெளிநடப்பு பாய் சேராத அமைப்பும் கிடையாது, சேர்ந்த பிறகு வெளியேறாத அமைப்பும் கிடையாது. சட்டசபையில் எதிர்க்கட்சிக்காரர்கள் ஒரு கூட்டத்தொடருக்கு நாலைந்து தடவை செய்வதை அவர் ஒரு வாரத்தில் செய்து முடித்துவிடுவார்.

அவருடைய சொந்தப் பெயர் பாஸ்போர்ட்டில் இருந்தது. இமிக்ரேஷன் அதிகாரிகளைத் தவிர வேறு யாரும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை. ஊர் அதிராம்பட்டினம். வயது ஐம்பதை ஒட்டி. ரூவியில் ஒரு டைப்பிங் சென்டரில் உட்கார்ந்து, விசாவோ லேபர் கார்டோ, எங்களைப் போன்றவர்களின் விண்ணப்பங்களை அரபியில் டைப் செய்து கொடுப்பார். சின்ன வயதில் மதரஸாவில் படித்த அரபி. சட்டைப் பையில் எப்போதும் நாலு பேனா இருக்கும். கையெழுத்துப் போட நாம் கேட்டால் நாலில் ஒன்றும் எழுதாது.

ரூவியில் இருந்த தமிழர் சங்கத்திலிருந்து அவர் வெளியேறியது பொங்கல் விழா அன்று. சர்க்கரைப் பொங்கலில் முந்திரியை முழுசாகப் போடுவதா உடைத்துப் போடுவதா என்ற விவாதத்தில் தன் கருத்துக்கு மதிப்பில்லை என்று எழுந்து போனார். பொங்கலைத் தட்டோடு எடுத்துக்கொண்டுதான் போனார். மறுவாரம் தானே ஒரு சங்கம் தொடங்கினார். தலைவரும் அவரே, செயலாளரும் அவரே. முதல் கூட்டத்திலேயே தலைவருக்கும் செயலாளருக்கும் ஒத்துவரவில்லை என்று கேள்வி.

முடிவெட்டும் கடையிலிருந்துகூட வெளிநடப்புச் செய்திருக்கிறார். கிரிக்கெட் பற்றி ஏதோ பேச்சு வந்ததில், கழுத்தில் கட்டிய துணியை அவிழ்த்துப் போட்டுவிட்டு வந்துவிட்டார். பாதியில் நின்ற தலையை மேற்கொண்டு தொட வேறு எந்தக் கடைக்காரரும் சம்மதிக்காததால், நாலு நாள் ஒரு பக்கம் அதிகாரி மாதிரியும் மறுபக்கம் புலவர் மாதிரியும் டைப் அடித்துக்கொண்டிருந்தார். எங்கள் கட்டடத்தில் எல்லா ரூம்களுக்கும் சேர்த்து ஒரு மெஸ் நடந்தது. அதிலிருந்து எனக்குத் தெரிந்து ஒன்பது முறை விலகினார். வியாழக்கிழமை மீன்குழம்பு. புதன்கிழமை இரவுக்குள் எல்லா விலகலும் சமாதானமாகிவிடும்.

இப்படிப்பட்டவர் காதில், வளைகுடா நாடுகள் ஆறும் சேர்ந்து ஒரே நாணயம் கொண்டுவரப் போகின்றன என்ற செய்தி விழுந்தால் என்ன ஆகும்? 2006ஆம் வருடம். பேப்பரில் அடிக்கடி அந்தப் பேச்சு வரும். ஓமானின் ரியால் போய், சவூதிக்கும் துபாய்க்கும் குவைத்துக்கும் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே காசு வரும் என்றார்கள். பாய் அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார். ஓமான் வெளிநடப்புச் செய்யவேண்டும்.

எங்கள் கட்டடத்துக்குக் கீழே இருந்த டீக்கடையில் வெள்ளிக்கிழமைதோறும் இதுதான் பேச்சு. பாய்க்கு எதிர்க்கட்சி, பக்கத்தில் மளிகைக்கடை வைத்திருந்த கீழக்கரை காக்கா. அண்ணனைக் காக்கா என்பது அந்த ஊர் முஸ்லிம்கள் வழக்கம். காக்காவுக்குச் சரக்கெல்லாம் துபாயிலிருந்து லாரியில் வரவேண்டும். எல்லையில் லாரி நின்றால் இங்கே அவர் மூச்சு நின்றுவிடும். ஒரே காசு, ஒரே சுங்கம் என்று ஆகிவிட்டால் தக்காளி அழுகாமல் வந்து சேரும், விலையும் குறையும் என்பது அவர் கட்சி. நியாயமான கட்சிதான்.

பாய் தன் டீயைக் காட்டிப் பேசுவார். "காக்கா, இந்த டீ ஸ்ட்ராங்கா இருக்கு. பக்கத்து டேபிள் அஞ்சு டீயும் தண்ணி. ஆறையும் ஒரே சட்டியில ஊத்தினா என்ன ஆவும்? தண்ணி டீக்காரனுக்கு லாபம். நம்ம கதி?"

பக்கத்து டேபிளில் இருந்தவர்கள் தங்கள் டீயை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார்கள். டீக்கடைக்காரர் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

அடுத்து அவர் எடுத்தது குடியேற்றப் பிரச்சினை. இன்றைக்குக் காசு பொது என்பார்கள், நாளைக்கு விசாவும் பொது என்பார்கள், அப்புறம் சவூதியில் தம்மாமில் வேலையில்லாமல் இருப்பவனெல்லாம் பஸ் ஏறி ரூவியில் வந்து இறங்கி, நாம் வாங்கும் சம்பளத்தில் பத்து ரியால் குறைத்துக் கேட்பான் என்றார். இதைக் கேட்டு உண்மையிலேயே கலங்கிப்போனவர் அரியலூர் முருகேசன். கொத்தனார். பாய் என்ன சொன்னாலும் அது கெஜட்டில் வந்த மாதிரி அவருக்கு.

"அப்ப நாமளும் பஸ் ஏறி துபாய் போலாங்களா பாய்?" என்று கேட்டார் முருகேசன்.

"நீ போவே. உன் எடத்துக்கு எட்டு பேர் வருவான். திரும்பி வந்தா உனக்குக் கட்டிலே இருக்காது."

நான் சும்மா இருந்திருக்கலாம். கோவில்பட்டிக்காரன், வாய் சும்மா இருக்காது. "பாய், நாமளே இங்க பத்து ரியால் கொறச்சுக் கேட்டு வந்தவங்கதான?" என்றேன்.

பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். டீயை ஒரே மடக்கில் குடித்தார். வெளிநடப்புச் செய்தார்.

இதெல்லாம் டீக்கடையோடு போயிருந்தால் சிரித்துவிட்டு மறந்திருப்போம். ஒரு நாள் மத்தியானம், எல்லோரும் சாப்பிட்டுவிட்டுக் கண் அசந்திருந்த நேரத்தில், பாய் ரூம் ரூமாக ஒரு அரபிக் காகிதத்தோடு வந்தார். அந்தச் சமயம் எங்கள் கட்டடத்தில் தண்ணீர்ப் பஞ்சம். காலையில் அரைமணி நேரம் வரும், அதுவும் நூல் மாதிரி. கட்டடத்துச் சொந்தக்காரருக்கு ஒரு மனு எழுத வேண்டும் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தோம். பாய் வந்ததும் அதுதான் என்று நினைத்தோம். எதற்கு என்று யாரோ கேட்டதற்கு, "நம்ம எல்லாருக்கும் நல்லது" என்றார். தண்ணீர் நல்லதுதானே. நாற்பது பேர் கையெழுத்துப் போட்டோம், லேபர் கார்டு நம்பரோடு. என் பேனாவால் முதல் கையெழுத்து என்னுடையது. காக்கா கடையை விட்டு இறங்கி வந்து அரபியிலேயே போட்டுக் கொடுத்தார், மனுவை மட்டும் படிக்கவில்லை.

பத்து நாள் கழித்து டீக்கடையில் வைத்து, தண்ணீர் மனு என்ன ஆயிற்று என்று முருகேசன் கேட்டார்.

"தண்ணி மனுவா? நான் ரியால் மனு போட்டிருக்கேன். ஓமான் அந்த ஏற்பாட்ட விட்டு வெளியேறணும்னு கவர்மெண்டுக்கு நாலு பக்கம். போகவேண்டிய எடத்துக்குப் போயிடுச்சு."

காக்காவுக்குப் புரையேறியது. அவர் வாழ்நாளெல்லாம் ஆதரித்த ஏற்பாட்டை எதிர்த்து அவருடைய கையெழுத்தே, அதுவும் அழகான அரபியில், அரசாங்கத்துக்குப் போயிருக்கிறது. ஆனால் அவர் கவலை அதுவல்ல. எங்கள் யாருடைய கவலையும் அதுவல்ல. பிழைக்க வந்த நாட்டில், அந்த நாட்டு அரசாங்க விஷயத்தில், வெளிநாட்டுக்காரன் நாற்பது பேர் கூட்டாக மனுப் போட்டால் என்ன செய்வார்கள்? விசாவைக் கேன்சல் செய்து விமானத்தில் ஏற்றிவிடுவார்கள் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை.

அதன் பிறகு வந்த இரண்டு வாரம் எங்கள் கட்டடம் இருந்த நிலையைச் சொல்லி மாளாது. முருகேசன் அட்டைப் பெட்டி வாங்கிவந்து கயிறு கட்டிவிட்டார். வேலைக்குப் போகும் முன் தினமும் அவிழ்த்துச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, மறுபடி கட்டிவிட்டுப் போவார். ஊருக்குப் போகாமல் மூன்று வருடம் தள்ளிப்போட்டுவந்த ஒருவர், எப்படியும் அனுப்பத்தான் போகிறார்கள் என்று மனைவிக்குப் புடவை வாங்கினார். காக்கி நிறத்தில் எது தெரிந்தாலும் மாடிப்படியில் கூட்டம் கலையும். ஒருமுறை வந்தவர் கொரியர்காரர். நான் ஸ்டோர் கீப்பராக இருந்த கம்பெனியில் யார் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் நான் அலமாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். வீட்டுக் கடனுக்காக இன்னும் இரண்டு வருடமாவது அந்த வேலை எனக்குத் தேவைப்பட்டது.

பாய் மட்டும் நிம்மதியாகத் தூங்கினார். நாங்கள் யாரும் அவரோடு பேசவில்லை. மெஸ்ஸில் அவர் உட்கார்ந்தால் மற்றவர்கள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக மற்றவர்கள் அவரிடமிருந்து வெளிநடப்புச் செய்தார்கள். அவர் கடைசிவரை உட்கார்ந்து சாப்பிட்டார்.

ஒரு காலை, கம்பெனிக்குப் போன் வந்தது. கூப்பிட்டது அர்பாப். எங்கள் கட்டடத்துக்கும், பாய் வேலை செய்த டைப்பிங் சென்டருக்கும் சொந்தக்காரரான ஓமானிப் பெரியவர். மனுவில் முதல் கையெழுத்துப் போட்டவன் வரவேண்டும், தனியாக வரவேண்டும் என்றார். நான் மேலதிகாரியிடம் பல்வலி என்று சொல்லிவிட்டுப் போனேன். முகத்தைப் பார்த்து அவர் நம்பிவிட்டார்.

அர்பாபின் மேஜை மேல் அந்த நாலு பக்கமும் கிடந்தது. அவர் இளவயதில் பம்பாயில் வியாபாரம் பார்த்தவர், நல்ல இந்தி பேசுவார். மனுவை அமைச்சகத்தில் வேலை பார்க்கும் அர்பாபின் தம்பி மகனிடம் சேர்த்துவிடும்படி பாய் அவரிடம்தான் கவரில் போட்டுக் கொடுத்திருக்கிறார். போகவேண்டிய இடம் என்று பாய் சொன்னது இந்த மேஜையைத்தான். மனு அதைத் தாண்டி ஒரு அடிகூடப் போகவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்தேனா விழுந்தேனா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அர்பாப் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். தண்ணீரைப் பார்த்ததும் என் வாயிலிருந்து உண்மை கொட்டியது. நாங்கள் தண்ணீர் மனு என்று நினைத்துத்தான் கையெழுத்துப் போட்டோம், காலையில் அரைமணி நேரம்தான் வருகிறது என்று சொல்லிவிட்டேன். அர்பாப் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ரியாலைப் பற்றி நாலு பக்கம் எழுதத் தெரிந்தவனுக்கு இந்தக் கட்டடத்துத் தண்ணீர் டாங்கைப் பற்றி ஒரு வரி எழுதத் தெரியவில்லையா என்று கேட்டார்.

பாயின் அரபி பழங்காலத்து அரசவையில் எழுந்து நின்று படிக்கவேண்டிய அரபியாம். அதை ரசித்துத்தான் இத்தனை நாள் வைத்திருந்தேன் என்றார். பிறகு கடைசிப் பக்கத்தை எடுத்து, இது உனக்குத் தெரியுமா என்று கேட்டார். எனக்கு அரபி படிக்கத் தெரியாது. அவரே விரல் வைத்து இந்தியில் சொன்னார். எங்கள் ஒவ்வொருவர் கையெழுத்துக்கு எதிரிலும் பாய் ஒரு வரி சேர்த்திருந்தார். முருகேசனுக்கு நேராக, இவருடைய மகள் நர்சிங் படிக்கிறாள், ரியால் இளைத்தால் அவள் படிப்பு நிற்கும். காக்காவுக்கு நேராக, இவர் என் கருத்துக்கு எதிரானவர், ஆனால் மூன்று தங்கைகளுக்கு அண்ணன். எனக்கு நேராக என் வீட்டுக் கடன். எங்கள் விண்ணப்பங்களையெல்லாம் டைப் செய்த மனிதர், எங்கள் வீடுகளையும் மனப்பாடம் செய்துவைத்திருந்தார். நாற்பது பேருக்கும் கீழே அவருடைய பெயர். அதற்கு நேராக இரண்டே சொற்கள். இவர்களோடு இருப்பவன்.

அர்பாப் பக்கங்களை மடித்து என் கையில் கொடுத்தார். "கலாஸ், விஷயம் முடிந்தது. அவனிடம் சொல்லாதே, மனசு உடைந்துபோவான்" என்றார்.

அன்று சாயங்காலம் பாய் டைப்பிங் சென்டரில் இருக்கும் நேரமாகப் பார்த்து எல்லோரையும் கூட்டி விஷயத்தைச் சொன்னேன். முருகேசன் பெட்டியின் கயிற்றை அவிழ்க்கவில்லை, கத்தியால் அறுத்தார். காக்கா கடையிலிருந்து எல்லோருக்கும் ஜூஸ் வந்தது. மெஸ்ஸில் அன்று பாயைச் சுற்றி ஒரு தட்டு வைக்க இடமில்லை. என்ன விசேஷம் என்று அவர் கேட்டார். முருகேசன் அவர் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார். அடுத்த வாரமே மொட்டை மாடியில் புது மோட்டார் வந்து, குழாயில் தண்ணீர் சீறியது.

அந்த வருடக் கடைசியில், பொது நாணயத் திட்டத்தில் சேரப் போவதில்லை என்று ஓமான் அறிவித்தது.

பாய் பேப்பரை எடுத்துக்கொண்டு படிகளில் ஏறி வந்த வேகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. "பாத்தீங்களா, படிச்சிருக்காங்க. நாலு பக்கத்தையும் படிச்சிருக்காங்க" என்றார். காக்கா என்னைப் பார்த்தார், நான் முருகேசனைப் பார்த்தேன். பிறகு காக்கா எழுந்து, "உங்க எழுத்துக்கு எழுத்துதான் பாய். நான் தோத்துட்டேன்" என்று கை கொடுத்தார். நாற்பது பேரும் வரிசையாகக் கை கொடுத்தோம்.

என் மகன் பொருளாதாரம் படித்தவன். ஓமான் ஏன் அந்தத் திட்டத்திலிருந்து விலகியது என்பதற்கு அரசாங்கச் செலவு, கடன் வரம்பு, வட்டி விகிதம் என்று காரணங்களை அடுக்குவான். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொள்வேன். கேட்டு முடித்ததும், அதெல்லாம் இல்லையப்பா, எங்கள் பாய் ஒரு கடிதம் எழுதினார், அதனால்தான் என்று சொல்லிவிடுவேன்.