களைமாமா பேத்தியைப் பார்க்கப் போனார்

புல்தரை வளர்ப்பவர்கள் என்று ஓர் இனம் உண்டு. அவர்கள் சாதுக்கள், அவர்களை விட்டுவிடுவோம். நாம் பார்க்கப்போவது அதிலிருந்து பிரிந்து போன இன்னோர் இனம். புல் வளர்ந்ததா, வாடியதா என்பது இவர்களுக்குப் பொருட்டே இல்லை. புல் அல்லாத ஏதாவது எங்கேயாவது தலை காட்டியிருக்கிறதா? அதுதான் கவலை. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். பேசிக்கொண்டிருக்கும்போதே ஆள் திடீரென்று காணாமல் போனால் பதறாதீர்கள். கீழே பாருங்கள்.

இந்த இனத்தில் முற்றிய ஆள் நமது களைமாமா. தணிக்கை அலுவலகத்தில் அடுத்தவர் தப்புகளைத் தோண்டித் தோண்டியே ஓய்வு பெற்றவர். வீட்டு முன்னால் கட்டில் போடும் அளவுக்கு ஒரு புல்தரை. அதில் இதுவரை ஒரு ஜீவன் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தால் புல் சாயும், சாய்ந்தால் மண் தெரியும், மண் தெரிந்தால் வெயில் படும், வெயில் பட்டால் களை முளைக்கும், முளைத்தால் பூக்கும், பூத்தால் விதை தெறிக்கும், தெறித்தால் வீட்டை விற்றுவிட்டு ஊரை விட்டே போகவேண்டியதுதான் என்று ஒரே மூச்சில் சொல்லி முடிப்பார். விருந்தாளி பாவம், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சுவரோரமாக நடந்து உள்ளே போவார்.

அவருடைய ஆயுதங்கள் எல்லாம் சமையலறையிலிருந்து போனவை. காய் நறுக்கும் கத்தியும் முள்கரண்டியும் வாசலில்தான் கிடக்கும். தளக்கல் இடுக்கில் முளைத்தவற்றுக்குக் கொதிக்கும் வெந்நீர். காபிக்கு என்று மனைவி அடுப்பில் வைத்த தண்ணீர் பாதிநாள் காபியாவதில்லை. ஜென்மப் பகை என்றால் கோரைதான். இழுத்தால் தலை மட்டும் கையோடு வரும். கிழங்கு மண்ணுக்குள் சௌகரியமாக இருந்துகொண்டு, சொந்தபந்தங்களைக் கூட்டிக்கொண்டு மறுபடி வரும்.

பக்கத்து வீட்டில் ஒரு பல் டாக்டர். அவர் தோட்டத்தில் களையைத் தவிர வேறு எதுவும் கிடையாது.

"டாக்டர், உங்க வீட்டு விதை எங்க பக்கம் பறந்து வருது."

"அதுக்கு நான் என்ன சார் பண்றது?"

"வேரோட பிடுங்குங்க."

"காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் அதத்தான் சார் பண்றேன். வீட்டுக்கு வந்தும் பண்ணணுமா?"

அன்றோடு பேச்சுவார்த்தை முறிந்தது.

இப்படி இருக்கையில் வெளியூரில் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. முதல் பேத்தி. மாமாவுக்கு ஆசை இல்லாமல் இல்லை. பக்கத்தில் போய் அவளைக் கொஞ்சவேண்டும் என்று உயிரே துடித்தது. ஆனால் மழைக்காலம். மழை விடட்டும் என்றார். விட்டது. "மண்ணு ஈரமா இருக்கும்போதுதான் வேரோட வரும், இப்பப் போய் ஊருக்குப் போவாங்களா?" என்றார். ஈரம் காய்ந்தது. "பூக்கிற நேரம், விட்டா விதை விழுந்துடும்" என்றார். மனைவி மகளோடு போனில் முகம் பார்த்துப் பேசுகையில், "தாத்தா பாரு, தாத்தா பாரு" என்று போனை வாசல் பக்கம் திருப்புவார். மண் கையால் போனைத் தொடலாமா? "இதோ, இது ஒண்ண எடுத்துட்டு வந்துடறேன் செல்லம்" என்று குனிந்த முதுகிலிருந்து பதில் வரும். அந்த ஒன்று முடிந்ததே இல்லை.

ஒருநாள் மனைவிக்குப் பொறுமை போயிற்று.

"பேத்தி அங்க தவழறா. நீங்க இங்க தவழறீங்க. ரெண்டு பேரும் ஒரே எடத்துல தவழ்ந்தா என்னங்க?"

"இந்த வாரம் மட்டும்..."

"நான் நாளைக்குப் போறேன். நீங்க வரலேன்னா திரும்பி வரமாட்டேன். அந்தக் கோரையே உங்களுக்குச் சமைச்சுப் போடட்டும்."

மாமா கிளம்பினார். வண்டி நகரும்வரை கழுத்தைத் திருப்பிப் புல்தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வழியெல்லாம் புலம்பல்.

மகள் வீட்டு வாசலில் இறங்கியதும் என்ன நடந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு துண்டு மண். அதில் ஒல்லி ஒல்லியாக ஏதோ பச்சை. பெட்டி ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். மாமா மண்டியிட்டுவிட்டார். மாப்பிள்ளை ஓடிவந்து சேர்வதற்குள் பாதி காலி.

"மாமா, விடுங்க மாமா! அது நான் ஆசையா வெதச்சு, இப்பத்தான் முளைச்ச புல்லு!"

"மாப்பிள்ளை, சின்னதுல எல்லாம் பார்க்கப் புல்லு மாதிரிதான் இருக்கும். ஏமாந்துடாதீங்க."

அதற்குள் மகள் குழந்தையோடு வாசலுக்கு வந்தாள். மாமா எழுந்தார். திரும்பினார். மண் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, முகமெல்லாம் பல்லாகக் கைகளை நீட்டினார். குழந்தை அவரை ஏற இறங்கப் பார்த்தது. வீல் என்று ஒரு அலறல். அம்மா கழுத்தைக் கட்டிக்கொண்டு, யாரோ திருடனைப் பார்த்ததுபோல் தேம்பியது.

"உங்க முகம் அவளுக்கு எங்கப்பா தெரியும்?" என்றாள் மகள். "போன்ல ஒருநாளாவது காட்டியிருக்கீங்களா?"

"அந்தப் பக்கம் திரும்பிக் குனிங்க" என்றார் மனைவி.

திரும்பிக் குனிந்தார். அழுகை சட்டென்று நின்றது. பிறகு ஒரு சிரிப்பு, கை தட்டல், "தாத்தா!" இத்தனை மாதமாக அவர் ஏங்கிய குரல் அது. எவ்வளவு பக்கத்தில்! திரும்பினால் நின்றுவிடும். மாமாவின் கண்ணீர் பொலபொலவென்று மண்ணில் விழுந்தது. கலங்கிய கண்ணுக்கு நேர் கீழே ஒரு கோரை நின்றது.

பிடுங்கினார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். போன வாரம் நண்பர் வீட்டுக்குப் போனபோது, அவர் தன் மனக்கஷ்டத்தையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க, "ம்... ம்..." என்று கேட்டபடியே பக்கத்துப் பூந்தொட்டியிலிருந்து எதையோ கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்த அந்த விரல்கள் யாருடையவை?