வெள்ளத்துக்கு எழுதலாமா, விடலாமா?

ஒருவர் வந்து, சைக்கிளை உங்கள் வேலியில் சாய்த்துவிட்டு, குரலைத் தணித்து, "உங்களிட்ட ஒரு புத்தி கேக்கோணும்" என்றால், அடுப்பில் சோறு கிடந்தாலும் பரவாயில்லை, ஓடிவிடுங்கள். அவர் புத்தி கேட்க வரவில்லை. உங்களைத் தோற்கடிக்க வந்திருக்கிறார்.

புத்தி கேட்கிறவர் என்றொரு இனம் உண்டு. வாவியின் இரண்டு கரையிலும் உண்டு, கடற்கரையோரம் கதிரவெளி வரைக்கும் உண்டு. மாடு வாங்குவதா, மகனைக் கட்டாருக்கு அனுப்புவதா, பல்லைப் பிடுங்குவதா, எதுவானாலும் இவர் உங்களிடம் கேட்பார். "வாங்குங்க" என்று நீங்கள் சொன்னால், வாங்கக்கூடாததற்கு ஒரு கடகம் நிறையக் காரணம் கொட்டுவார். "அப்ப வாங்காதீங்க" என்றால், அதே கடகத்தைக் கவிழ்த்துப் பிடித்து, வாங்கியே தீரவேண்டியதற்குக் காரணம் கொட்டுவார். கடைசியில் நீங்கள் களைத்துப்போய்த் தண்ணீர் கேட்பீர்கள். அவர் சைக்கிளில் ஏறிப் பாட்டுப் பாடிக்கொண்டு போவார். மாடு? அது இன்னும் சந்தையில் நிற்கிறது.

கல்லடியில் அழகரத்தினத்தார் இந்த இனத்துக்குத் தலைவர். நெல் ஆலையில் தராசுக்காரர். தட்டு இரண்டும் சமமாக நின்றால்தான் அவருக்கு மனம் குளிரும். ஒன்று இறங்கினால் மற்றதில் ஒரு பிடி போடாமல் கை நிற்காது. கல்லடிப் பாலத்துச் சோதனைச் சாவடியில் ஊர் முழுக்க அடையாள அட்டையும் கையுமாக வரிசையில் நின்று நொந்துகொண்டிருக்க, இவர் ஒருவர்தான் அங்கே சந்தோசமாக நிற்பார். வரிசையில் நிற்கிறவன் ஓடமுடியாது அல்லவா? ஒருநாள் ஆள் கிடைக்காமல், காவலுக்கு நின்ற சிப்பாயிடமே, "மாத்தயா, இண்டைக்கு டவுனுக்குப் போற நல்லமா?" என்று கேட்டுவிட்டார். சிப்பாய் தனக்குத் தெரிந்த தமிழில், "போக வேணாம்" என்றான். போக வேண்டியதற்கான நியாயங்களை இவர் எடுத்துச் சொல்லத் தொடங்கினார். பகல் சாயும்வரை வெயிலில் இருத்திவைத்துத்தான் விட்டார்கள். திரும்பி வரும்போது, இருந்தது நல்லதா, ஓடியிருக்கலாமா என்று வழியில் இரண்டு பேரிடம் கேட்டாராம்.

இப்படிப்பட்ட மனிதரிடம், வீட்டை வெள்ளத்துக்குக் காப்புறுதி செய்வதா இல்லையா என்ற கேள்வி வந்து சேர்ந்தால் என்ன ஆகும்? குழந்தையிடம் மேளத்தைக் கொடுத்த கதைதான்.

வீடு வாவியைப் பார்த்த வீடு. அவருடையதும் அல்ல. இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். ஆண்பிள்ளை ஒரு றங்குப் பெட்டியோடு வந்து சேர்கிறவன். அது மனைவி சின்னத்தங்கத்தின் சீதன வீடு. தை மாதம் மகள் கண்ணகைக்குக் கலியாணம். அன்றைக்கு வீடு அப்படியே அவளுக்குப் போகும். தாயும் தகப்பனும் வளவு மூலையில் ஒரு சின்னக் குடிலுக்கு மாறுவார்கள். ஆகவே அந்த வீடு தை வரைக்கும் சுவர் சரியாமல் நிற்கவேண்டும். ஆனால் தைக்கு முன் மாரி கிடக்கிறது. மாரியில் வாவி எழும்பினால் நேரே வந்து தட்டுவது சின்னத்தங்கம் சமைக்கிற குசினியின் கதவைத்தான்.

காப்புறுதிக் கம்பெனியின் முகவர் இராசதுரை தோல் பையும் வியர்வையுமாகப் பாலம் கடந்து வந்து விசயத்தைச் சொன்னார்.

"அண்ணன், நெருப்புக்கும் களவுக்கும் வீடு முதலே எழுதிக் கிடக்கு. வெள்ளம் கட்டாயம் இல்ல. விருப்பமெண்டா மேல கொஞ்சம் கட்டிச் சேத்துக்கலாம். ஐப்பசி முடிஞ்சா கம்பெனி எழுதாது."

"எடுக்கிற நல்லம் எண்டுறீங்க?"

"நல்லம் அண்ணன். வாவிக்கரையெல்லோ."

அழகரத்தினத்தாரின் முகம் பூத்தது. கதிரையை முன்னுக்கு இழுத்தார். பிறகு அந்த வார்த்தை வந்தது. இந்த இனம் முழுவதுக்கும் சொந்தமான வார்த்தை.

"எல்லாம் சரி தம்பி, ஒரு விசயத்த யோசிச்சீங்களா?"

"என்ன அண்ணன்?"

"வெள்ளத்துக்குக் குடுப்பீங்க. ஷெல்லுக்கு?"

"சண்டை, கலகம், வெடி ஒண்டுக்கும் இல்ல. அது எந்தக் கம்பெனியும் குடுக்காது."

"அப்ப பாருங்க. ஷெல் விழுந்து சுவரில ஓட்டை. அந்த ஓட்டையால வெள்ளம் உள்ளுக்க வருகிது. அது ஷெல் வெள்ளமா, வெள்ள ஷெல்லா?"

இராசதுரை வாயைத் திறந்தார். அதற்குள் தேநீரை ஊற்றிக்கொண்டார்.

"மறுகா இன்னொண்டு. முகத்துவாரம்."

அதைச் சொல்லத்தான் வேண்டும். வாவி கடலைத் தொடுகிற இடம் மணல் ஏறி அடைத்துக் கிடக்கும். மாரியில் வாவி நிரம்பினால் அந்த மணலை வெட்டிவிடவேண்டும், தண்ணீர் கடலுக்குப் பாயும். முன்பு நினைத்த நேரம் மண்வெட்டியோடு போய் வெட்டினார்கள். இப்போது அந்தப் பக்கம் மண்வெட்டியோடு நடந்தாலே, அங்கே எதைப் புதைக்கப் போகிறாய் என்று கேட்கிற காலம். ஆளுக்கும் அனுமதி, மண்வெட்டிக்கும் அனுமதி.

"முகத்துவாரம் வெட்ட விட்டா வெள்ளம் இல்ல. நான் கட்டினது வீண். வெட்ட விடாட்டி வெள்ளம் வரும். ஏன் வந்த? சண்டையால வந்த. சண்டைக்கு நீங்க குடுக்கமாட்டீங்க. ரெண்டு பக்கத்தாலயும் எனக்கென்ன லாபம்? சொல்லுங்க பாப்பம்!"

பாவம் இராசதுரை. பத்து வருசமாகக் காப்புறுதி விற்கிற மனிதன், இதை யாரும் ஏன் வாங்குகிறார்கள் என்ற சந்தேகத்தோடு, சைக்கிளில் ஏறவும் மறந்து அதை வீடுவரை தள்ளிக்கொண்டே போனார்.

வென்ற கையோடு அழகரத்தினத்தார் பக்கத்து வளவுக்கு நடந்தார். அங்கே வினாயகமூர்த்தி கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். வாவியில் தோணி வலிக்கிறவர், சொல்லைச் சுருக்கமாகச் செலவழிக்கிறவர்.

"மச்சான், வெள்ளத்துக்கு எழுதச் சொல்றானுகள். உன்னிட்ட ஒரு புத்தி கேக்கோணும்."

"விடு மச்சான். எழுபத்தெட்டுச் சூறாவளியில கூரையே பறந்திச்சு. தண்ணி படிக்கு மேல ஏறினதா? எழுதாத."

"எல்லாம் சரி, ஒரு விசயத்த யோசிச்சியா?" என்றார் அழகரத்தினத்தார், அரைமணி நேரத்துக்கு முன் தான் எந்தப் பக்கம் நின்றோம் என்ற நினைவு இம்மியும் இல்லாமல். "சூறாவளிக்குள்ள முகத்துவாரம் வெட்ட ஆரிட்டயும் பாஸ் கேட்டதா? இப்ப கேக்கோணும். பாஸ் வாறதுக்கிடையில தண்ணி வந்திடும். தண்ணிக்குப் பாஸ் வேணாம். உன்ட தோணி மிதக்கும். வீடு மிதக்குமா? வலைய எங்க காயப்போடுவாய்? பெஞ்சாதிய எங்க இருத்துவாய்? தோணியில. உன்ட மாமிய?"

வினாயகமூர்த்தியின் கை வலையில் நின்றது.

"மாமியையும் தோணியிலதான்," என்றார் அழகரத்தினத்தார் இரக்கமே இல்லாமல். "ஒரு கிழமை. ஒரே தோணி. நீ முன்னுக்கு அணியத்தில, அவ பின்னுக்குக் கடையாரில. முகத்துக்கு முகம்."

மறுநாள் விடியவே வினாயகமூர்த்தி பாலத்தடியில் போய் நின்று, இராசதுரை வந்ததும் சைக்கிளின் கைபிடியைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, வெள்ளத்துக்கு எழுது" என்றார்.

அடுத்தது ஹமீட். காத்தான்குடியில் அரிசிக் கடை வைத்திருப்பவர், நெல் ஆலைக்கு மூட்டை எடுக்க வந்தவர், வந்த இடத்தில் தராசடியில் அகப்பட்டார்.

"இதெல்லாம் என்னத்துக்கு? சும்மா இரிங்க," என்று ஹமீட் சொன்னதுதான் தாமதம்.

"எல்லாம் சரி ஹமீட் காக்கா, ஒரு விசயத்த யோசிச்சீங்களா? வெள்ளம் வந்தா மற்றவன்ட சாமான் நனையும். உங்கட சாமான் வீங்கும். அரிசியெல்லோ! மூட்டை வீங்கிக் கதவத் தள்ளும். கதவு விட்டா, கடை முழுக்க நடுறோட்டுக்குச் சோறாத்தான் வரும்."

"யா அல்லாஹ்," என்றார் ஹமீட். அன்று பின்னேரமே அவரும் எழுதிவிட்டார்.

அதற்குப் பிறகு முடிதிருத்துகிறவர், ஐஸ்கட்டிக்காரர், இரண்டு ஆசிரியர்கள். எல்லோரும் "எழுதாதீங்க" என்று நல்ல புத்தி சொன்னவர்கள். எல்லோரும் எழுதினார்கள். இராசதுரைக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியபோது பாலத்தில் நின்று தனியாகச் சிரித்தார். அன்றிலிருந்து இழுபறிப்படுகிற ஆள் யாராவது இருந்தால், அவர் வாதாடுவதில்லை. "அழகரத்தினம் அண்ணனிட்டப் போங்க. போய், எழுதவே மாட்டன் எண்டு சொல்லுங்க" என்பார். போனவர்கள் முகம் வெளுத்துத் திரும்பிவந்து பேனை கேட்டார்கள்.

வாவிக்கரை முழுக்க எழுதியாயிற்று. ஒரு வீட்டைத் தவிர.

"இஞ்சாருங்க," என்பாள் சின்னத்தங்கம், "ஊரெல்லாம் எழுதிட்டாங்க. நாம எப்ப எழுதுற?"

"அவசரப்படாத புள்ள. ரெண்டு பேரிட்டக் கேட்டிட்டு எழுதுவம்."

ஐப்பசிக் கடைசி நாள் வானம் கறுத்துத் தொங்கியது. இராசதுரை வந்தார். இந்தமுறை அவர் படித்த மாணவன்.

"அண்ணன், நல்லா யோசிச்சுப் பாத்தன். நீங்க எழுதவே வேணாம்."

"என்ன கதை கதைக்கிறீங்க!" என்று குதித்தெழுந்தார் அழகரத்தினத்தார். "மகளுக்குத் தையில கலியாணம். குசினிச் சுவர் களிமண். வாவி வந்து சாப்பிட்டிட்டுப் போனா மாப்பிள வீட்டாருக்கு எதக் காட்டுற? எழுதாம விடுறவன் மனிசனா?"

"அப்ப இதில ஒரு கையெழுத்த வைங்க அண்ணன்," என்று பேனையை நீட்டினார் இராசதுரை.

அங்கேதான் பிசகியது. நீட்டிய பேனையும் ஒரு புத்தி அல்லவா? அது "எழுது" என்று சொல்கிறதே! அழகரத்தினத்தார் பேனையைப் பார்த்தார். கண்ணில் வெளிச்சம் வந்தது.

"எல்லாம் சரி தம்பி, ஒரு விசயத்த..."

சின்னத்தங்கம் குசினியிலிருந்து வந்தாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள்.

"வீடு ஆர்ர பேரில?"

"உங்கட பேரிலதான் அக்கா."

"பேனைய இஞ்ச தாங்க."

முடிந்தது. ஒரு மாதக் கதை ஒரு கோட்டில் முடிந்தது. அழகரத்தினத்தார் கோபித்தாரா? இல்லை. அன்று மாலையே வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "மச்சான், இவ கையெழுத்து வச்சது சரியா பிழையா? உன்னிட்ட ஒரு புத்தி கேக்கோணும்" என்றார்.

பிறகு மழை. சும்மா மழையா? வானத்தின் அடிப்பாகம் கழன்று விழுந்தது. வட்டை வயலெல்லாம் கடலாகி, வாவி வீங்கி, முகத்துவாரம் வெட்ட அனுமதி வரும் வரும் என்றிருக்க, தண்ணீர் அனுமதி கேட்காமல் வந்தது. ஊர் பள்ளிக்கூடத்துக்கு ஏறியது. வினாயகமூர்த்தி மாமியைத் தோணியில் ஏற்றி, முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டே வலித்துப் போனதை எல்லோரும் பார்த்தார்கள். முகத்துவாரம் வெட்டித் தண்ணீர் இறங்கியபின் வந்து பார்த்தால், சின்னத்தங்கத்தின் குசினிச் சுவர் படுத்துக் கிடந்தது. கலியாணத்துக்கென்று செய்த கதவுகள் ஊதி, நிலைக்குள் நிற்க மறுத்தன.

பாதை திறந்ததும் கொழும்பிலிருந்து கம்பெனியின் மதிப்பீட்டாளர் நல்லரத்தினம் வந்தார். களிசானை முழங்கால்வரை மடித்த, மரியாதையான மனிதர். முதல் வீடு அழகரத்தினத்தாரின் வீடு. இங்கே என்ன எழுதுகிறாரோ அதுதான் அந்த ஒழுங்கையில் உள்ள எல்லா வீட்டுக்கும் எழுதப்படும் என்பது எல்லோருக்கும் தெரியும். வேலிக்கு மேலே வரிசையாகத் தலைகள்.

நல்லரத்தினம் சுவரில் நீர் நின்ற கோட்டைப் பார்த்தார். "வெள்ளம்தான், சந்தேகம் இல்லை" என்றார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். மரியாதைக்காரர் அல்லவா? திரும்பி, "ஐயா என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டார்.

வேலித் தலைகள் மூச்சை நிறுத்தின. இராசதுரை கண்ணை மூடினார்.

"எல்லாம் சரி ஐயா," என்றார் அழகரத்தினத்தார், மெல்ல, சுவைத்து. "ஒரு விசயத்த யோசிச்சீங்களா? முகத்துவாரம் நேரத்துக்கு வெட்டியிருந்தா இந்தத் தண்ணி வந்திராது. ஏன் வெட்டல்ல? அனுமதி இல்ல. அனுமதி ஏன்..."

இன்னும் ஒரே ஒரு சொல். "சண்டை" என்ற அந்தச் சொல் விழுந்தால் கண்ணகையின் வீடும் போச்சு, ஒழுங்கையும் போச்சு.

"இஞ்சாருங்க!" என்று கத்தினாள் சின்னத்தங்கம், சேற்றில் நின்றபடி. "ஐயாவ ஏன் மினக்கெடுத்துறீங்க? வெள்ளமாம் வெள்ளம்! இது வெள்ளமே இல்ல. சும்மா மழைத்தண்ணி!"

அழகரத்தினத்தார் பாதிச் சொல்லோடு நின்றார். மெதுவாகத் திரும்பினார்.

"என்ன சொன்ன நீ?"

"ஓம் மச்சான்," என்றது வேலிக்கு மேலே வினாயகமூர்த்தியின் தலை. "வெள்ளமெண்டு ஆர் சொன்ன? சும்மா ஈரம்."

"காலில கூடப் படல்ல," என்றது இன்னொரு தலை.

"ஈரமா!" அழகரத்தினத்தார் துள்ளினார். "ஐயா, இஞ்ச வாங்க. இந்த அலுமாரியப் பாருங்க. மேல் தட்டில கெளுத்தி கிடந்திச்சு. அது நடந்தா வந்து ஏறின? குசினிச் சுவரப் பாருங்க, வெளியால இரிந்து உள்ளுக்க விழுந்திரிக்கு. வாவி தள்ளின! வாவி! கதவப் பிடிச்சுப் பாருங்க. எழுதுங்க ஐயா, எழுதுங்க. கோழிக்கூட்ட விட்டிட்டீங்க!"

நல்லரத்தினம் எழுதினார். வேலித் தலைகள் மறுக்க மறுக்க, அழகரத்தினத்தார் வீடு வீடாக இழுத்துப்போய் ஒவ்வொரு சுவரையும் தொட்டுக் காட்டி, அது வெள்ளம்தான் என்று முழு ஒழுங்கையையும் தோற்கடித்தார். தோற்றவர்கள் அன்றைக்குச் சிரித்த சிரிப்பு, அந்தச் சண்டைக் காலத்தில் கல்லடி கேட்டிராத சிரிப்பு.

"ஐயா மாதிரித் தெளிவா ஒருவரும் சொன்னதில்லை. கட்டாயம் கிடைக்கும்," என்றார் நல்லரத்தினம் புறப்படும்போது.

"கிடைக்கும் எண்டுறீங்க? எல்லாம் சரி, ஒரு..."

கண்ணகை அவித்த மரவள்ளிக்கிழங்குத் துண்டொன்றைத் தகப்பனின் வாயில் வைத்தாள். பெரிய துண்டு.

தையில் புதுச் சுவருக்கு முன்னால் கலியாணம் நடந்தது. அழகரத்தினத்தார் இப்போது வளவு மூலைக் குடிலில் இருக்கிறார். அதன் வாசலைக் கிழக்கே வைப்பதா, வடக்கே வைப்பதா என்று கேட்டுத் திரிவதால், குடிலுக்கு இன்னும் வாசல் இல்லை. வேலிப்பக்கத்து ஓட்டையால் குனிந்து போய்வருகிறார்.

வாசித்து முடித்துவிட்டீர்கள். "எல்லாம் சரி, ஆனால் கம்பெனிக்காரன் இப்படி லேசாக எழுதுவானா?" என்று நடுவில் ஓரிடத்தில் உங்களுக்குத் தோன்றியிருக்கலாம். கவலைப்படாதீர்கள். அதனால் எல்லாம் நீங்கள் அந்த இனத்தில் சேரமாட்டீர்கள். நீங்கள் நிச்சயமாக அந்த ஆள் இல்லை.

என்ன, மறுத்துச் சொல்ல வாய் வருகிறதா?