செத்த டப்பா பேசுகிறது

ரௌட்டரில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தவரை திருகாணிக்குக் கொஞ்சம் நம்பிக்கை இருந்தது. அதுவும் பொசுக்கென்று அணைந்துவிட்டது.

“என்ன மாப்பிள்ளை, அணைஞ்சிடுச்சா?” சோபாவில் சாய்ந்திருந்த மாமியார் கேட்டார்.

“இல்ல அத்தை. யோசிக்குது.”

“கண்ணை மூடிக்கிட்டா?”

திருகாணி ரௌட்டரைத் தூக்கிக் காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்த்தார். உள்ளே ஏதோ கடகடவென்றது. ரீசெட் துளைக்குள் விட்டுக் குத்திய ஹேர்பின்னின் உடைந்த முனை அது.

அவர் ஃபிரிட்ஜ் கடை மேலாளர். விற்கலாம், கணக்குப் பார்க்கலாம், ஆனால் எந்த ஃபிரிட்ஜின் பின்பக்கத்துக்கும் போகக் கூடாது என்பது கடை முதலாளியின் கண்டிப்பான உத்தரவு. அவர் எதைப் பழுதுபார்த்தாலும் கடைசியில் ஒரு திருகாணி மிஞ்சும். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. வீட்டு மிக்ஸி அவர் கைபட்ட நாளிலிருந்து மூடியைத் திறந்தால்தான் ஓடும்.

இத்தனைக்கும் காலையில் நெட் நன்றாகத்தான் இருந்தது. அதுதான் கொடுமை! நாலு மணிக்கு மனைவிக்கு நெட்டில் இண்டர்வியூ. பாலங்களுக்கு வரைபடம் போடும் வேலை. மகள் பிறந்தபோது விட்டது. மகள் இப்போது கல்லூரி விடுதியில் இருக்கிறாள். இத்தனை வருஷம் கழித்தும் ஒரு கம்பெனி கூப்பிட்டிருக்கிறது. நம்மால் ஆன உதவியாக நெட்டைக் கொஞ்சம் வேகமாக்கிக் கொடுப்போமே என்று ரௌட்டருக்குப் புது சாஃப்ட்வேர் ஏற்றினார் திருகாணி. அது இதே கம்பெனியின் வேறொரு மாடலுக்கானது என்பது ஏற்றி முடித்த பிறகுதான் தெரிந்தது.

போன வருஷமும் இப்படித்தான். ஒரு இண்டர்வியூ. வோல்டேஜ் சரியில்லை என்று அவராக ஃபியூஸைக் கழற்றி மாட்டினார். வீடே இருட்டாகி, வந்த வேலை கைநழுவிப் போயிற்று. அதற்கப்புறம் அவள் ரொம்ப நாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

படுக்கையறைக் கதவு திறந்தது. மனைவி எட்டிப் பார்த்தாள். கையில் இஸ்திரி போட்ட உடை.

“என்னங்க, நெட் போயிடுச்சா?”

“அது வந்து... சின்னதா ஒரு...” திருகாணி இடி விழப்போகிறது என்று தோளைக் குறுக்கிக்கொண்டார்.

“சரி, பரவால்ல. நிதானமா பாருங்க. ஒண்ணும் அவசரமில்ல.”

கதவு மூடிக்கொண்டது.

திருகாணி வாயைப் பிளந்தபடி நின்றார். திட்டவில்லை! ஒரு முறைப்புகூட இல்லை! வாழ்க்கையையே தூக்கி இவர் கையில் கொடுத்துவிட்டு ‘நிதானமா பாருங்க’ என்கிறாளே, இப்படியும் ஒரு மனுஷி உண்டா? அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“அத்தை, உங்க பொண்ணு சாதாரண ஆளில்ல.”

“அது எனக்குத் தெரியும். நீங்க டப்பாவைப் பாருங்க” என்றார் மாமியார்.

திருகாணி நெட் இணைப்புக்காரருக்குப் போன் போட்டார்.

“டப்பா செத்துப்போச்சுப்பா! உடனே வா!”

“சாயங்காலமா வரேன் சார். அவசரமில்லல்ல?”

“அவசரமில்லையா? என் பொண்டாட்டிக்கு நாலு மணிக்கு...”

“அதெல்லாம் நல்லபடியா நடக்கும் சார். நான் வர்ற வரைக்கும் எதையும் தொடாதீங்க.”

“நான் ஏன்ப்பா தொடப்போறேன்?” என்று சொல்லிவிட்டு, போனை வைக்கும் முன்பே ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிட்டார்.

வீட்டுக்குள் போனில் பேசலாம், ஆனால் நெட்டுக்கு சிக்னல் வராது. பால்கனி மூலையில் இடுப்பை வளைத்து, கையை வெளியே நீட்டினால் ஒரு கோடு வரும். அப்படித் தொங்கிக்கொண்டு வைஃபை ஏதாவது கிடைக்குமா என்று தேடினார். ஒன்றே ஒன்று முழு பலத்தோடு வந்தது. பெயர்: கைவைக்காதே. பாஸ்வேர்டு கேட்டது.

“மாடி வீட்டுப் பசங்க வேலை. பேரைப் பாருங்க அத்தை, கொழுப்ப!” என்று கத்தினார்.

மாமியாருக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது.

அந்த ஒற்றைக் கோட்டு சிக்னலில், எங்கேயோ யாரோ எழுதி வைத்திருந்ததைத் திருகாணி எழுத்துக்கூட்டிப் படித்தார். படிக்கப் படிக்க மயிர்க்கூச்செறிந்தது. செத்ததாகத் தோன்றும் ரௌட்டர் அநேகமாகச் சாவதில்லையாம். முதலில் கண்விழிக்கும் ஒரு சின்னஞ்சிறு புரோகிராம் மட்டும் உள்ளே உயிரோடு கிடக்குமாம். பலகையில் வரிசையாக நாலு துளை இருக்கும். அதில் கம்பியைச் சொருகி கம்ப்யூட்டரோடு இணைத்தால் அது பேசும்! அதற்கு சீரியல் கேபிள் என்று ஒன்று வேண்டும். பழைய பட்டன் போனோடு வந்த டேட்டா கேபிள் இருந்தால் அதை வெட்டி வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

வேண்டிய சாஃப்ட்வேரையும் அந்த மூலையிலேயே தொங்கி இறக்கிக்கொண்டு உள்ளே ஓடினார்.

“அத்தை, பழைய போன் ஒயரெல்லாம் படுக்கையறைப் பரண்லதானே இருக்கு? ஏறி எடுத்துட்டு வந்துடறேன்.”

முழங்கால் வலி என்று காலையிலிருந்து அசையாத மாமியார் துள்ளி எழுந்தார்.

“பரண் வேண்டாம்! இடுப்பு பிடிச்சுக்கும்! என் பழைய போன் ஒயர்தானே? அதாலதான் ஜன்னல் திரையைச் சேர்த்துக் கட்டியிருக்கேன். அவுத்துக்கோங்க!”

அவிழ்த்தார். முடிச்சு இறுகியிருந்ததால் திரைக்கம்பியும் கூடவே வந்து அவர் பிடரியில் இறங்கியது. பரவாயில்லை. கேபிள் கிடைத்துவிட்டது.

வெட்டினால் உள்ளே முடி மாதிரி மெல்லிய கம்பிகள். ரௌட்டர்வரை எட்டவில்லை. காலிங் பெல்லைக் கழற்றி அதன் ஒயரை ஒட்டுப்போட்டார். கம்பியைப் பற்றவைக்க சால்டரிங் அயன் எங்கே என்று தேடினார். போன மாசம்தான் மனைவி அதை யாருக்கோ தானம் கொடுத்திருந்தாள். சரி, மாமியாரின் தையல் ஊசிகளில் கம்பியைச் சுற்றித் துளைகளில் நிறுத்தினார். அவை சாய்ந்தன. பால்கனிக் கொடியிலிருந்து துணி க்ளிப்புகளைப் பிடுங்கி வந்து முட்டுக்கொடுத்தார். அவருடைய ஆபீஸ் பேண்ட் காற்றில் எழும்பி, கீழ்வீட்டுப் பூச்செடிகளை நோக்கிப் பயணம் போனதை யாரும் கவனிக்கவில்லை.

கம்ப்யூட்டரைப் போட்டார். திரை கறுப்பாகவே இருந்தது.

“என்ன சொல்லுது?” மாமியார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“ஒண்ணும் சொல்லல அத்தை. நானும் அனுப்பறேன், அதுவும் அனுப்பணும்...”

“ரெண்டு பேரும் பேசிக்கிட்டே இருந்தா யாரு கேக்கறது?”

திருகாணி தலையில் அடித்துக்கொண்டார். ரௌட்டர் பேசும் கம்பியைக் கம்ப்யூட்டர் பேசும் கம்பியோடு கட்டி வைத்திருந்தார். வாயும் வாயும்! மாற்றிச் சொருகினார். இதன் வாய் அதன் காதுக்கு.

திரையில் பொலபொலவென்று ஏதோ கொட்டியது. கட்டம், புள்ளி, தலைகீழ்க் கேள்விக்குறி.

“ஜன்னி கண்டவன் உளர்ற மாதிரி இருக்கே” என்றார் மாமியார்.

“வேகம் ஒத்துப்போகல அத்தை. அது பேசற வேகத்துல நாம கேக்கணும்.”

ஒவ்வொரு வேகமாக மாற்றிப் பார்த்தார். உளறல். மறுபடி உளறல். இன்னும் ஒன்று.

உளறல் நின்றது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் வரிவரியாக, அழகாக, தெளிவாக மேலேறின.

ஒரு விளக்கு இல்லை, ஒரு சத்தம் இல்லை. குப்பையில் போடவேண்டிய பிளாஸ்டிக் என்று நினைத்த டப்பா தன் பெயரைச் சொல்லிற்று. தனக்கு எவ்வளவு ஞாபகசக்தி என்று சொல்லிற்று. எழுந்திருக்க வேண்டிய புரோகிராமைத் தேடிற்று. காணவில்லை என்றது. ஒரு நொடி ஓய்ந்து, மறுபடியும் முதலிலிருந்து தன் பெயரைச் சொல்லிற்று.

“அத்தை,” என்றார். “காலைலேருந்து இது இப்படியே சொல்லிக்கிட்டு இருந்திருக்கு. விடாம. நமக்குத்தான் கேக்கல.”

மாமியார் கிண்டல் செய்யவில்லை. திரைக்கு வெகு அருகில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

“உசுரு இருக்கு மாப்பிள்ளை!” என்றார் மெதுவாக. “அடேயப்பா... ஊசியும் ஒயரும் வச்சுக் கூப்பிட்டீங்க, பேசுதே!”

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அப்போதுதான் படுக்கையறையிலிருந்து மனைவியின் குரல் கேட்டது. கணீரென்று ஆங்கிலத்தில் பாலத்தின் தூண்களைப் பற்றிப் பேசினாள். நடுவில் நிறுத்தினாள். சிரித்தாள். “யெஸ், எக்ஸாக்ட்லி” என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்தாள்.

கடிகாரம் நாலைத் தாண்டியிருந்தது.

“ஒத்திகை பாக்கறா அத்தை,” என்றார் திருகாணி. “நெட்டே இல்லன்னு தெரிஞ்சும், எதிர்ல ஆள் உட்காந்திருக்கற மாதிரியே பேசறா! என்ன மனோதிடம்! நான் போய் ஒரு வார்த்தை...”

“போகாதீங்க!” மாமியார் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். “இதை விட்டுட்டுப் போனா மறுபடி தூங்கிடப்போகுது. அடுத்தது என்ன பண்ணணும், அதைச் சொல்லுங்க.”

அடுத்தது, ரௌட்டர் கண்விழிக்கும் அந்த இமைப்பொழுதில் கம்ப்யூட்டரில் ஒரு பட்டனைத் தட்டி அதை நிறுத்த வேண்டும். ரௌட்டரை அணைத்துப் போடும் சுவிட்ச் மாமியார் பொறுப்பு. “இப்போ!” என்றார் திருகாணி. மாமியார் கம்ப்யூட்டரை அணைத்தார். திருகாணி அதை மறுபடி போட்டு, “இப்போ!” என்றார். இந்த முறை ஃபேன் நின்றது.

“எல்லா சுவிட்சும் ஒரே மாதிரி இருந்தா நான் என்ன பண்ண?”

மூன்றாம் தடவை அந்த அம்மாள் சரியான சுவிட்சைத் தட்டினார். திருகாணி கிடைத்த பட்டனையெல்லாம் குத்தினார். ஓடிக்கொண்டிருந்த எழுத்துகள் சட்டென்று நின்றன. கடைசி வரியில் ஒரு சின்னக் கட்டம் மட்டும் மினுக்கிக்கொண்டு, சொல்லுங்கள் கேட்கிறேன் என்பதுபோல் காத்திருந்தது.

திருகாணி மூச்சை அடக்கிக்கொண்டு சரியான சாஃப்ட்வேரை அனுப்பினார். பாதியில் மின்சாரம் போனால் எல்லாம் முடிந்தது. சுவிட்ச் பலகைமுன் கையை விரித்து நின்று காவல் காத்தார். புள்ளி புள்ளியாகத் திரை நிரம்பியது.

பிறகு மேஜைமேல், ஊசிகளுக்கும் க்ளிப்புகளுக்கும் நடுவில், ஒரு பச்சை விளக்கு எரிந்தது.

அவருக்குச் சந்தோஷப்படத் தெம்பில்லை. மணி ஐந்தாகப் போகிறது. இண்டர்வியூ போயே போய்விட்டது. படுக்கையறைக் கதவுமுன் போய்த் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார். தட்டுவதற்குள் கதவு திறந்தது.

“என்னை மன்னிச்சிடும்மா. நெட் வந்துடுச்சு. ஆனா...”

“வேலை கிடைச்சிடுச்சுங்க!” மனைவியின் முகம் பூரித்துக் கிடந்தது. “இப்பதான் சொன்னாங்க. அடுத்த வாரமே வரச் சொல்லிட்டாங்க!”

திருகாணி மேஜைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பச்சை விளக்கு எரிவதற்கு முன்பே நெட் வந்துவிட்டதா? அந்த வெள்ளை எழுத்துகள் ஓடினவே, அப்போதேவா? என்ன டப்பா இது!

“நாந்தான்... நான் செஞ்சதாலயா?”

“பின்ன?” மனைவி அவர் கைகளைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண்ணிலும் தண்ணீர். “மதியம் பூரா நீங்க அந்த இடத்தை விட்டு நகராம உட்காந்திருந்தீங்களே, அதனாலதாங்க.”

திருகாணிக்குத் தலைகால் புரியவில்லை. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக ஒரு பொருளைச் சரிசெய்திருக்கிறார். அதுவும் யாருக்காக, எந்த நேரத்தில்!

வாசல் கதவு தடதடவென்று இடிபட்டது. திறந்தால் இணைப்புக்காரர். தோளில் பை, கையில் ஒரு பேண்ட்.

“எவ்ளோ நேரமா பெல் அடிக்கறது சார்? இது கீழ பூச்செடி மேல கிடந்தது. உங்களுதா?”

“அதைத் தூக்கிப் போடுப்பா. இங்க வந்து பாரு!” திருகாணி அவரை மேஜைக்கு இழுத்துப் போனார்.

இணைப்புக்காரர் ஊசியைப் பார்த்தார். க்ளிப்பைப் பார்த்தார். வெட்டுப்பட்ட ஒயரையும் பச்சை விளக்கையும் பார்த்தார். பையைக் கீழே இறக்கி வைத்துவிட்டு அப்படியே குந்திவிட்டார்.

“சார்! இந்த மாதிரி போன டப்பாவை நாங்க குப்பையிலதான் போடுவோம். எழுப்பிட்டீங்களே! தையல் ஊசிய வச்சா?”

“அது பேசும்ப்பா,” என்றார் திருகாணி பணிவாக. “கேக்கத்தான் பொறுமை வேணும்.”

இணைப்புக்காரர் இரண்டு கையையும் கூப்பிவிட்டார். பின்னால் மனைவி பதறிப்போய்க் கண்ணால் ஏதோ ஜாடை காட்டினாள். மாமியாருக்கு மறுபடி இருமல் வந்தது. அந்த மனுஷர் அசந்துபோன நிலையில் இரண்டையும் கவனிக்கவில்லை.

“ஆனா எதுக்கு மேடம் சாரை இவ்ளோ கஷ்டப்படுத்துனீங்க? சார் நோண்டறதுக்குன்னு இந்தப் பழசைக் கீழ விட்டுட்டு, பரண் மேல புது டப்பா மாட்டி, நீங்க சொன்னபடியே ‘கைவைக்காதே’ன்னு பேரும் போட்டுக் குடுத்தேனே, அது நல்லாத்தானே ஓடுது?”