கருப்பனார் பேரில் ஒரு மிளகு மூட்டை

பாரத்தைச் சாமி மேல் போடலாம். மிளகு மூட்டையைப் போடக்கூடாது. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஐம்பத்திரண்டு வயதும் ஒரு கம்ப்யூட்டரும் தேவைப்பட்டன.

மலைமேல் சில ஊர்கள் சேர்ந்த வளப்பூர் நாட்டில் விவசாயிகள் நாங்களே சேர்ந்து நடத்தும் ஒரு கம்பெனி இருக்கிறது. மிளகைச் சேர்த்து லாரி ஏற்றும் குடோனுக்கு நான்தான் பொறுப்பு. எட்டாவது வரை படித்தவன். (எட்டாவதை மட்டும் இரண்டு தடவை படித்ததால் ஒன்பது என்றும் வைத்துக்கொள்ளலாம்.)

போன வருடம் நாமக்கல்லிலிருந்து நிவேதா என்ற பெண் வந்து, நாலெட்ஜ் கிராஃப் என்று ஒன்றை எங்கள் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தாள். பேரைக் கேட்டதுமே எனக்கு வியர்த்துவிட்டது.

“பயப்படாதீங்கண்ணா. விவசாயி ஒரு வட்டம். அவரோட மூட்டை ஒரு வட்டம். மிளகு காயப்போட்ட தார்ப்பாய் ஒரு வட்டம். எதுக்கு எது சம்பந்தமோ, நடுவுல ஒரு கோடு. அவ்வளவுதான். ஒரு மூட்டை கெட்டுப்போச்சுன்னா, அந்தக் கோட்டைப் புடிச்சுட்டே போனா எங்கிருந்து வந்துச்சு, கூட எதெது காஞ்சுதுன்னு தெரிஞ்சிரும்” என்றாள்.

அவள் மலை இறங்கியதும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். நோட்டு என்றால் பிள்ளையார் சுழி போட்டுத் தொடங்கலாம். இதில் எங்கே போடுவது? யோசித்து, முதல் வட்டத்தை எங்கள் குலதெய்வம் கருப்பனாருக்குப் போட்டேன். அவரைத் தனியாக விடவும் மனசு வரவில்லை. இந்த மலையில் விளைவதெல்லாம் அவர் கொடுத்ததுதானே? ஒவ்வொரு விவசாயியிலிருந்தும் அவருக்கு ஒரு கோடு இழுத்தேன். வருடத்தின் முதல் மூட்டை எப்போதும் கோயில் விளக்குக்கு எண்ணெய் வாங்கச் சாமி பேரில் போகும். ஆகவே ஒன்றாம் நம்பர் மூட்டைக்கு உடையவர், கருப்பனார். (தொழில் என்ற கட்டத்தில் ‘காவல்’ என்று எழுதினேன். தப்பா?)

லாரி ஏற்றும் நாளும் வந்தது. பேளுக்குறிச்சி வியாபாரி ரஹீம் பாய் வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர், மூக்கு ரொம்பக் கூர்மை. ஒன்றாம் நம்பர் மூட்டையில் கைவிட்டு, ஒரு பிடி அள்ளி முகர்ந்தார். முகம் சுருங்கியது.

“ஏனுங்கண்ணா, பூசணம் புடிச்சிருக்குதுங்களே! இதுகூடச் சம்பந்தப்பட்ட மூட்டை எதெதுன்னு உங்க கம்ப்யூட்டரைக் கேளுங்க. அதை மட்டும் தள்ளிட்டு மிச்சத்தை ஏத்திக்கறேன்.”

பெருமையாகப் பட்டனை அழுத்தினேன். திரை முழுக்கச் சிவப்பு. மூட்டையிலிருந்து கருப்பனாருக்கு ஒரு கோடு; கருப்பனாரிலிருந்து மலை முழுக்கக் கோடு. குடோனில் இருந்த அத்தனை மூட்டையும் சந்தேகம். அந்தப் பட்டியலில் முதல் பேர் எங்கள் குலதெய்வம்.

“அப்பிடின்னா மொத்த லோடும் எனக்கு வேண்டாமுங்க” என்றார் பாய், குரலைத் தாழ்த்தி. “பொழுது சாயற வரைக்கும் பாக்கறேன். இல்லீன்னா வெறும் லாரியாத்தான் எறங்கோணும்.”

ஊரே வருடமெல்லாம் காத்திருந்து, மரமேறிப் பறித்த மிளகு. பறித்தவர்கள் வாசலில் நின்று என் முகத்தையே பார்த்தார்கள். நிவேதாவுக்குப் போன் போட்டுப் பட்டியலைப் படித்தேன்.

“அண்ணா, இந்தக் கருப்பனார் எந்த ஊர் விவசாயி?”

“சாமி, கண்ணு.”

“அந்த வட்டத்தை அழிச்சிருங்கண்ணா.”

அழுத்தினேன். ‘கருப்பனாரை நிச்சயமாக நீக்கவா?’ என்று கேட்டது கம்ப்யூட்டர். விரல் அப்படியே நின்றுவிட்டது. அருவாளோடு நிற்கிற சாமி. நீக்க நான் யார்?

“பாய், ஒரு அரைமணி நேரம். பூக் கேட்டுட்டு வாரேன்.”

வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக இலையில் மடித்து, சாமி முன் போட்டு, ஒன்றை எடுப்பது எங்கள் வழக்கம். வெள்ளை வந்தால் உத்தரவு.

“சாமி காரியம், கேட்டுட்டு வாங்க” என்றார் பாய். “லாரி எழுபது கொண்டை ஊசி எறங்கோணும். அதையும் அவர்கிட்டச் சொல்லீருங்க.”

ஓடினேன். கும்பிட்டேன். எடுத்தேன். சிவப்பு. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். விஷயம் கேள்விப்பட்டு என் மனைவி சரோஜா பின்னாலேயே வந்து சேர்ந்தாள்.

“ஏனுங்க, சாமிகிட்ட என்னன்னு கேட்டீங்க?”

“உங்களை நீக்கிரட்டுமான்னு கேட்டேன்.”

“அதுக்கு யாராச்சும் சரின்னு சொல்லுவாங்களா? கோட்டை மட்டும் எடுத்துக்கறேன், நீங்க இருந்த எடத்துலயே இருங்கன்னு கேளுங்க.”

கேட்டேன். வெள்ளை!

சரோஜாவோடு திரும்பி ஓடிவந்து, ஒவ்வொரு கோடாக, ‘மன்னிச்சுக்கோ சாமி’ என்று சொல்லிச் சொல்லி எடுத்தேன். கடைசியில் ஒன்றே ஒன்று மிச்சம். ஒன்றாம் நம்பர் மூட்டை.

நிவேதா போன் ஸ்பீக்கரில் இருந்தாள். “உடையவர் இல்லாம மூட்டையைக் கம்ப்யூட்டர் ஏத்துக்காதுங்கண்ணா. அந்த மிளகு யார் ஊட்டுக் கொடியில பறிச்சது?”

நான் துண்டை எடுத்துக் கம்ப்யூட்டரைத் துடைக்க ஆரம்பித்தேன். பாய் பார்த்தார். வாசலில் நின்ற ஊரே பார்த்தது.

“ஏன் முழிக்கறீங்க?” என்ற சரோஜா போன் பக்கம் திரும்பினாள். “நம்முளுதுதான் கண்ணு! மூட்டை வாயைக் கட்டறதுக்கு முன்னால, தீர்த்தம்னு சொல்லி ஒரு சொம்புத் தண்ணியை உள்ளுக்கு ஊத்துனவரு இவருதான்.”

(ஒரு சொம்பு இல்லை. அரைச் சொம்பு.)

உடையவர் கட்டத்தில் என் பேரை நானே அடித்தேன். சிவப்பெல்லாம் சுருங்கி என் வட்டம், என் தார்ப்பாய், என் இரண்டு மூட்டை என்று நின்றது. அந்த இரண்டையும் தள்ளிவிட்டு மிச்சம் அத்தனையும் லாரி ஏறியது. பாய் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். “தண்ணி ஊத்துனது நீங்க, மாட்டுனது சாமியா?”

அன்று இரவு கருப்பனாரிடம் விழுந்து கும்பிட்டேன். என்னைக் காட்டிக்கொடுத்தாலும் ஊரைக் காப்பாற்றிவிட்டாரே. முதல் மூட்டை இப்போதும் அவருக்குத்தான். தீர்த்தம் மட்டும் லாரி டயருக்கு. கம்ப்யூட்டரில் அவர் வட்டம் ஒரு கோடும் இல்லாமல் மேலே தனியாக நிற்கிறது. “இருக்கட்டுங்கண்ணா, காவலுக்கு ஆள் வேணுமில்ல?” என்று நிவேதாவும் அதைத் தொடுவதில்லை.

வீட்டில்தான் எனக்கு விடிவு இல்லை. பால் பொங்கி வழிந்தாலும், சாவி தொலைந்தாலும் சரோஜா இடுப்பில் கைவைத்து நிற்கிறாள்.

“பூக் கேட்டுட்டு வாரீங்களா, இல்ல நேரா உங்க வட்டத்துக்கே வந்தரட்டுங்களா?”